காட்டுக்குள் ஒரு தறி

"கண்ணை மூடிட்டுப் பத்து நிமிஷம் உக்காருங்க. காதுல விழற சத்தத்தையெல்லாம் அப்பறம் எழுதுங்க" என்றான் ஆதர்ஷ். ஆனைகட்டி மலையடிவாரத்தில் அவன் நடத்தும் காட்டறிவு முகாமில் அதுதான் முதல் பாடம்.

மயில், மரங்கொத்தி, மூங்கில் உரசல் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும் கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருந்த ராசாத்தாளின் தாளில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: தறி.

"அக்கா ஊட்டையும் கையோட தூக்கிட்டு வந்துட்டாங்க!" என்றாள் பக்கத்திலிருந்த ரித்திகா. எல்லோரும் சிரித்தார்கள். ராசாத்தாள் சிரிக்கவில்லை.

"இன்னும் உள்ள போலாமுங்களா தம்பி? சத்தமே இல்லாத எடமாப் பாத்து?"

மற்றவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் மேட்டுப் பாதையில் வெகுதூரம் கூட்டிப்போனான்.

"இங்கயும் ஓடுதுங்க" என்றாள்.

அவனுக்குப் பொறுமை போயிற்று. "ஏனுங்கம்மா, உங்கூர்த் தறி இங்க எப்படிங்க கேக்கும்?"

"அதை எடைக்குப் போட்டே ரெண்டு வருசமாச்சுங்க. இருபத்தெட்டு வருசம் ஓட்டினது. காதுக்குள்ள மட்டும் நிக்கவே மாட்டேங்குது. நிம்மதியாத் தூங்கி நாளாச்சுங்க. காட்டுக்குள்ள வந்தாலாவது நிக்கும்னு நம்பி வந்தேன்."

இருவரும் ஓடையோரமாகத் திரும்பினார்கள். பாறையிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில் ராசாத்தாள் சட்டென்று நின்றாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா, அடுத்தது காட்டுக்கீரை வகுப்பு."

"நீங்க போங்க கண்ணு. இங்க தண்ணி மட்டுந்தானுங்க கேக்குது."