செபக் கருத்து

"வாயைத் தொறந்து சொல்லு மர்த்! மாதாவுக்குக் காது கேக்க வேணாமா?"

கணவர் எதுவார் அதட்டியதும் மர்த் சத்தத்தைக் கூட்டினாள். "அருள் நிறைந்த மரியே..."

வாய்தான் கூடச் சொன்னது. மனசு வேறு எங்கோ இருந்தது.

பிரான்ஸில் இருக்கும் மகன் தெயோவுக்கு இன்றைக்கு ராணுவத் தேர்வு முடிவு. எதுவாரும் அவர் அப்பாவும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர்கள். "அடுத்து எம் பையன்!" என்று பென்ஷன் வாங்கும் கூட்டாளிகளிடமெல்லாம் மார்தட்டியாகிவிட்டது.

நவநாள் தொடங்கியதிலிருந்து தினமும் வீட்டில் செபமாலை. "அவங்கவங்க கருத்தை மனசுல ஒப்புக்கொடுப்போம்" என்று எதுவார் கண்ணை மூடுவார். அந்த மௌனத்தில்தான் மர்த் தன் திருட்டு மன்றாட்டை வைப்பாள். 'தாயே, எம் புள்ள தேறவே கூடாது. துப்பாக்கி தூக்கவா அவனைப் பெத்தேன்?'

கேட்ட கையோடு பயமும் வந்துவிடும். பக்கத்தில் எதுவார், முட்டி வலியோடு மண்டியிட்டு, சிலுவைபோல் இரு கைகளையும் விரித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். அந்த மனுஷன் கேட்பதை மாதா தட்டுவாளா? விஷயம் தெரிந்தால் இவர் தன்னை மன்னிப்பாரா?

பாதி செபமாலையில் போன் அடித்தது. எதுவார் ஸ்பீக்கரில் போட்டார்.

"பப்பா... என்னை எடுக்கல. காதுல ஏதோ கோளாறாம். இனிமே வரவே வேணாம்னுட்டாங்க."

மர்த் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுவதுபோல் தெரியட்டும் என்றுதான்.

எதுவார் போனை அணைத்தார். செபமாலையை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"என்னங்க! எங்க போறீங்க?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மர்த்துக்கு அரியாங்குப்பத்துப் பாலமும் கீழே ஓடும் ஆறும் ஞாபகத்துக்கு வந்தன. போன் போட்டாள், எடுக்கவில்லை. "புள்ளையக் குடுத்துட்டு மனுஷன எடுத்துக்காத தாயே!" என்று இப்போது வாய்விட்டே கதறினாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக எதுவார் நின்றார்.

"தெயோவ எடுக்கலன்னா முடி எறக்குறேன்னு மாதாவுக்கு வேண்டியிருந்தேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "அவன் தேறணும்னு நீ அவ்ளோ உருகி வேண்டுனியா... உங்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு, மர்த்."