எல்லைக்காரி

“ஆட்சேபனை இருக்கு” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காணிப் பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்த நிலாந்தினி கொம்பியூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

காணிப் பதிவை எங்கள் பகுதியில் இப்போது பரீட்சார்த்தமாக பிளொக்செயினில் ஏற்றுகிறார்கள். ஒரு காணி கைமாறினால் அது நூறு இடத்துக் கொம்பியூட்டரில் ஒரே நேரத்தில் பதிகிறதாம். ஒரு வரிக்குப் பின்னால் இன்னொரு வரி, சங்கிலி மாதிரி. கள்ள உறுதிப் பத்திரம் எழுத முடியாது. எழுதியதை அழிக்கவும் முடியாது. காணி இலக்கத்தைப் போட்டால் யாரும் பார்க்கலாம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன் இதைத்தான் பார்க்கிறார்கள்.

கைமாறும் முன் பக்கத்து எல்லைக்காரர் சம்மதிக்க வேண்டும். அந்த எல்லைக்காரி நான். கைமாறுவது என் தங்கை சஹ்லாவின் காணி.

உம்மாவின் வளவு நாற்பது பேர்ச், கால் ஏக்கர். எங்கள் ஊரில் வளவும் வீடும் பெண் பிள்ளைகளுக்குத்தான். மூத்தவள் எனக்குப் பின்பாதி, சஹ்லாவுக்கு முன்பாதி. நான் கல்யாணம் முடித்தபோது முன்பக்கம் பள்ளம், மாரியில் தண்ணீர் நிற்கும். அதனால் மேட்டை உம்மா எனக்குத் தந்தார். பிறகு முன்பக்கமாக றோட்டுப் போட்டார்கள். பள்ளம் பொன்னாகிவிட்டது.

இருபது வருடமாக அவள் வேலியோரத்து ஒழுங்கையால்தான் றோட்டுக்கு ஏறுகிறேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

அவளுக்கு எல்லாம் வாய்க்கும். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. அவளுடைய மாமரம்கூட என் பக்கத்துக் கிளையில் காய்ப்பதில்லை.

உம்மாவின் பெயரையாவது விட்டாளா? என் மகளுக்கு நான் மைமூனா என்று வைத்தேன். ஐந்து வருடம் கழித்துத் தன் மகளுக்கும் அதையே வைத்தாள்.

என் மைமூனாவுக்கு இப்போது கல்யாணப் பேச்சு. மூன்று இடம் வந்தது. எல்லோரும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, றோட்டுப் பக்கமாக வீடு என்றால் யோசிக்கலாம் என்று எழும்பிப் போனார்கள். வாசலில் செருப்பைத் தேடும்போது எல்லோருடைய கண்ணும் முன்வளவில்தான்.

இன்று காலை சஹ்லா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

“ராத்தா, உங்கட போனுக்கு ஒரு மெசேஜ் வரும். ஒண்டும் கேக்காம ஓம் எண்டு அமத்துங்க.”

சிரிப்பு வேறு.

மெசேஜ் வந்தது. முன்வளவில் பத்துப் பேர்ச். நன்கொடை உறுதி. பெறுபவர்: எம்.ஜே.எப். மைமூனா.

அவளுடைய பதினாறு வயதுப் பிள்ளைக்கு இப்பவே றோட்டுக் காணி! இருபத்தொரு வயதில் என் பிள்ளை வீடில்லாமல் குந்திக்கொண்டிருக்க, நான் ஓம் என்று அமத்த வேண்டுமாம். அடுப்பை அணைத்தேன். ஹபாயாவை மாட்டிக்கொண்டு ஓட்டோ பிடித்து நேரே இங்கே வந்துவிட்டேன்.

“நல்லா யோசிச்சிட்டீங்களா அக்கா?” என்று நிலாந்தினி கேட்டாள். “இதுல ஏறினா பிறகு ஆராலயும் அழிக்க ஏலா.”

அழிக்க முடியாது என்றதும் எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘உம்மாவை ஏமாற்றி எடுத்த காணி’ என்று சொன்னேன். அவள் அப்படியே அடித்தாள். பெருவிரலை வைத்தேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு குளிர்ந்தது.

நிலாந்தினி பற்றுச்சீட்டை எடுத்து, பிழை இருக்கிறதா என்று எனக்கு வாசித்துக் காட்டினாள். அதில் இனிஷல் இல்லை, முழுப்பெயர். பெறுபவர்: முகம்மது ஜவாத் பாத்திமா மைமூனா.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். ஜவாத் என்றுதான் வாசித்தாள்.

சஹ்லாவின் கணவர் பெயர் றாஸிக். ஜவாத் என் கணவர். மெசேஜில் இருந்த ‘ஜே’யை நான் கவனிக்கவே இல்லை.

ஆட்சேபனையை வாபஸ் வாங்கலாமாம். வாங்கினால் அது அடுத்த வரியாக ஏறும். முதல் வரி இருந்த இடத்திலேயே இருக்கும். என் மகள் வீட்டைத் தேடிப் பார்க்கிற எந்த மாப்பிள்ளை வீட்டாரும் நான் சொன்னதை வாசித்துவிட்டுத்தான் அவள் பெயருக்கு வருவார்கள். சஹ்லாவின் போனுக்கும் அந்த வரி இதற்குள் போயிருக்கும்.

“வாபஸ் வாங்கிறதுக்கும் காரணம் எழுதணும் அக்கா” என்றாள் நிலாந்தினி. விரல்கள் விசைப்பலகையில் காத்திருந்தன.

வெட்கத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், அப்போதும் வயிறு எரியத்தான் செய்தது. நல்லவளாவதிலும் சஹ்லாவே முந்திவிட்டாள்.