எல்போவுக்கு ஒன்றுமில்லை

ஒரு பழைய காரின் எஞ்சினில் பிளாஸ்டிக் எல்போ ஒன்று, விறைப்பான மூட்டு இணைப்பு, இருந்தது. எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் அதன் வழியாகத்தான் ரப்பர் குழாய்க்குள் போகும். "நீ வளைஞ்சு நெளிஞ்சு காலம் தள்ளுறவன். நான் அப்படியா?" என்று குழாயை மட்டம் தட்டுவதுதான் எல்போவுக்குப் பொழுதுபோக்கு.

வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்ததில் எல்போவே அப்பளம்போல் தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தது. ஒருநாள் அதன் அடியில் மெல்லிய விரிசல் விட்டது. கசிந்த சொட்டு குழாயின் வயிற்றோடு ஓடி, அங்கிருந்து கீழே விழுந்தது.

மெக்கானிக் அருளப்பன் குனிந்து பார்த்தார். நனைந்திருந்தது குழாய்தான்.

"அண்ணே, ஒழுகுறது நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே!" என்று குழாய் எல்போவிடம் கெஞ்சியது.

எல்போ வாயே திறக்கவில்லை. குழாய் பழைய சாமான் டின்னுக்குப் போனது. புதுக்குழாய் வந்தது. மறுபடியும் சொட்டியது.

பிடிப்பு போதவில்லை என்று நினைத்த அருளப்பன், குழாயை எல்போவோடு சேர்த்துப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப்பை முறுக்கினார். எல்போவுக்கு உயிர் போயிற்று.

"ஏய், மெதுவா!"

"ஏன், உங்களுக்கு ஏதாவது கோளாறா?" என்று கேட்டது கிளாம்ப்.

புதுக்குழாய் வேறு பார்த்துக்கொண்டிருந்தது. எல்போ நெஞ்சை நிமிர்த்தியது. "எனக்கா? எனக்கென்ன? நல்லா இறுக்கு!"

படக்!

அருளப்பன் புது எல்போ ஒன்றை மாட்டினார். டின்னுக்குள் நாலைந்து பிளாஸ்டிக் துண்டுகள் வந்து விழுந்தன. பழைய குழாய் நகர்ந்து இடம் கொடுத்தது.

"வாங்கண்ணே. ஒழுகுறது நின்னுடுச்சா?"

ஒரு துண்டு முனகியது. "இப்பத்தான் நின்னுச்சு."