பாதி ஈரல்

வெட்டியெடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். டாக்டர் வெளியே வந்து ஸ்டீல் தட்டை நீட்டினார். செல்லக்கனியின் புருஷன் மாசானத்தின் ஈரலில் பாதி ரத்தம் சொட்ட அதில் கிடந்தது.

“ஈரலுக்குப் பக்கத்துல, பித்தக்குழாய்ல கேன்சர்மா. ஈரலோட சேத்து வெட்டி எடுத்தாச்சு.”

கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் குனிந்து பார்த்தாள். கல்யாணமான மறுவாரமே அவள் பல்லை உடைத்தவன் மாசானம். போன வாரம், உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதும், செம்பை எறிந்து அவள் புருவத்தைக் கிழித்திருந்தான். தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

“மிச்சம் இருக்கது போதுமா சார்?”

“பயப்படாதீங்க. மூணே மாசத்துல பழையபடி வளந்துரும்.”

“கேட்டியளா மைனி? அண்ணன் புலி மாதிரி எந்திச்சு வந்துருவான்!” கொழுந்தன் சிரித்தான்.

செல்லக்கனி தட்டின் விளிம்பைப் பிடித்தாள். டாக்டர் இழுத்துப் பார்த்தார். ரத்தம் அவள் முழங்கைவரை வழிந்தது. அவள் விடவில்லை.

“அவுக கை ரெண்டும் அப்படியேதான் இருக்கா சார்?” என்று கேட்டாள்.