மாலை மாற்றிய படம்

கட்டிய நாளிலிருந்து ராஜாங்கம் அம்சவள்ளியை நேராகப் பார்த்ததில்லை. பேசினால் தலையை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு, விலை படியாத மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் என்றாலும், கட்டியவளிடமுமா?

மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கவில்லை என்று கல்யாணத்தன்றே ஊர் பேசிவிட்டது. அவளும் நம்பிவிட்டாள். முப்பத்தொரு வருஷமாக, சோறு இருக்கிறது, மோட்டார் போட்டாயிற்று என்ற அளவில்தான் பேச்சு. பிள்ளைகளும் கட்டிக்கொண்டு போனபின், ஒரே கூரைக்குக் கீழே அவள் தனியாகத்தான் இருந்தாள்.

போன வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, இல்லாத படியில் காலை வைத்து விழுந்தார் ராஜாங்கம். கள்ளக்குறிச்சி கண் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டி வந்தாள்.

டாக்டர் நூர்ஜகான் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண்ணை அசைக்கிற நூல் மாதிரியான ஒரு நரம்பு வேலை செய்யவில்லையாம். எப்போதிலிருந்து என்று கேட்டால் ராஜாங்கத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. புதிதாக வந்தது என்றால் மூளையில் கட்டி இருக்கலாம், தலையைத் திறக்க வேண்டிவரலாம். பிறவியிலிருந்தே என்றால் பயமில்லை, கண்ணில் சின்ன ஆபரேஷன் போதும்.

“வாய்வார்த்தை போதாது, பழைய போட்டோ எதுனா இருக்காம்மா? தலை சாஞ்சிருக்கான்னு பார்க்கணும்.”

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் ஸ்டூடியோக்காரர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தியிருந்தார். கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றார் ராஜாங்கம். அவரிடம் அப்படிச் சொல்லிவைத்தவளே அம்சவள்ளிதான். அந்த அவமானத்தைச் சுவரில் மாட்ட மனசில்லாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டிருந்தாள்.

மறுநாள் அதைக் கொண்டுவந்து நீட்டினாள். மாலை மாற்றும்போது எடுத்த படம். அவள் குனிந்து நிற்க, எதிரே அவர் தலையை ஒருக்களித்து, வேண்டா வெறுப்பாக.

டாக்டர் சிரித்துவிட்டார். “பிறவிலேர்ந்தே இருக்குதும்மா. தலையைத் திறக்க வேணாம்.”

அம்சவள்ளிக்குப் போன உயிர் வந்தது. கூடவே பழைய கோபமும் வந்தது.

இந்தப் படத்தில் மட்டும் ஏன் நிமிர்த்தவில்லை என்று டாக்டர் கேட்டார்.

“போட்டோக்காரர் சொன்னாரு டாக்டரம்மா, நான்தான் கேக்கல” என்றார் ராஜாங்கம். “நிமிந்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். எல்லாருக்குமே அப்டித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். மாலை போடச்சொல்ல எதிர்ல ரெண்டு பொண்ணு நின்னாங்க. இவள ஒருத்தியா பார்க்கணும்னுதான் தலையச் சாச்சிக்கினேன்.”