வீடியோ காலில் ஒரு கீசர்

"தொடாதடி!" என்று தோஹாவிலிருந்து அலறினான் சாலமன்.

மரக்காணத்தில் கீசரின் அடி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி லூர்துமேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசி குளியலறை ஜன்னலில் சாய்ந்திருந்தது.

"மெயின் ஆஃப் பண்ணியா?"

"பண்ணியாச்சு. டெஸ்டர் வச்சும் பார்த்தாச்சு, எரியல. வேற என்ன கேள்வி இருக்குது, கேளுங்க."

சாலமன் தோஹாவில் எலக்ட்ரீஷியன். லீவில் வந்தால் ஊரே மரியாதையாக வழிவிடும். மேரி உப்பளத்து வேலைக்காரி. திண்டிவனத்தில் மூன்று மாத ஒயரிங் பயிற்சி முடித்து, 'மின் பழுது பார்க்கப்படும்' என்று ஒரு மரப்பலகையும் எழுதி வாங்கிவிட்டாள். அதை மாட்டினால் தன் மானம் போகும் என்று அவன் தடுத்துவந்தான். இன்றைக்குத்தான் பேரம் படிந்தது: இந்த கீசர் சூடானால் பலகை வாசலில் ஏறும், இல்லையென்றால் அடுப்பில்.

"உப்பு வார்ற கைக்கு ஒயரிங் கேக்குதாக்கும்?"

"உப்புத்தண்ணியில நின்னுக்கிட்டு மோட்டார் போடுறவ நான். கரண்டுதான் என்னைப் பார்த்துப் பயப்படணும்."

அவனுக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் பளபளத்தது. ரூமில் நைட் டியூட்டிக்காரர்கள் தூங்குகிறார்களாம். பாத்ரூமுக்குள் நின்றுதான் அத்தனை சத்தமும்.

சூடு ஏறியதும் கரண்டை வெட்டும் பழைய தெர்மோஸ்டாட்டை மேரி உருவினாள். போர் தண்ணீரின் உப்பு முனைகளில் பூத்து, அரித்துத் தின்றிருந்தது. புதியதை அதே குழலில் செருகினாள்.

"அடுத்து என்ன பண்ணப்போற? வாயால சொல்லு!"

"லைன் ஒயர் இதோட ஒரு முனையில. இன்னொரு முனையிலேர்ந்து காயிலுக்கு. நியூட்ரல் நேரா காயிலுக்கு. எர்த் பாடியில."

"வேகமா சொல்லாத. திரும்பச் சொல்லு. போனைக் கிட்ட காட்டு!"

"பரீட்சையா வைக்கிறீங்க? நல்லா பாத்துக்குங்க. தப்பிருந்தா இப்பவே சொல்லிடணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

கொஞ்ச நேரம் திரையில் அவன் முகமே இல்லை; வெறும் சீலிங் தெரிந்தது. தோற்கப்போகிற மனுஷன் முகத்தைக் காட்டுவானா என்று மேரி சிரித்துக்கொண்டாள்.

"இரு, இரு! ஸ்க்ரூவை எவ்ளோ டைட் வைக்கணும்?"

"ஒயரை இழுத்தா வரக்கூடாது. அவ்ளோதான். மூடியைப் போட்டுட்டேன், மெயினும் சுவிட்சும் போடுறேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. இருபது நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருவரும் சண்டை போட்டார்கள். விளக்கு தானாக அணைந்ததும் மேரி குழாயைத் திறந்து விரலை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுது! பலகையை மாட்டப்போறேன். நீங்க சரின்னாலும் மாட்டுவேன், வேணாம்னாலும் மாட்டுவேன்."

குழாயை இறுக மூடினாள். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது கைப்பேசிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

அங்கே யாரோ கதவைத் தட்டி, "சாலமன், ஃபினிஷ்?" என்று அதட்டினார்கள்.

"எஸ் சார், ஃபினிஷ்!" என்று கத்திவிட்டு, சாலமன் திரையருகே குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"மாட்டுடி... இங்கயும் சுடுது."