பாதி வலி

ரெஜினாவுக்கு முதுகெலும்பில் புற்று என்று தெரிந்த அன்றே, அவள் வலியில் பாதியைத் தான் வாங்கிக்கொள்வதாக அவள் கணவர் அதிசயராஜ் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு வலிப்பட்டையை மணிக்கட்டில் கட்டி அனுப்பினார்கள்; அது கையில் இருக்கும்வரை அவள் வலியில் பாதி அவருக்கு வந்துவிடும். "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார். மறுநாள் காலை, மருந்து வாங்கப் போனவர் தெருமுனை தாண்டியதும் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் போதும் என்றுதான் நினைத்தார். ஆனால் வலியில்லாத உடம்பு அவ்வளவு சுகமாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றார். யாரோ ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். மத்தியானம் ஆகிவிட்டது.

வீட்டு வாசலில் பட்டையைத் திரும்பக் கட்டியதுமே வலி இடுப்பைப் பிடித்துச் சுருட்டியது. உள்ளே ரெஜினா கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தாள். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. கடித்த உதட்டில் ரத்தம். அவர் ஓடிப்போய்த் தூக்கினார்.

அவளோ அவர் கன்னத்தைத் தடவினாள். "காலையிலிருந்து என்ன வலிங்க! பாதி வாங்குன எனக்கே இப்படின்னா, நடுத்தெருவுல நின்னுக்கிட்டு நீங்க என்ன பாடுபட்டிருப்பீங்க?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போதுங்க. அந்தப் பட்டையைக் கழட்டிருங்க. மிச்சத்தையும் நானே தாங்கிக்கிறேன்."

உண்மையைச் சொல்லிவிடத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"சரி" என்றுதான் வந்தது.